இரண்டாவது ஜாமீன்

ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போக மதிப்பெண் வேண்டும், இடம் வேண்டும், பணம் வேண்டும் என்று எங்கள் நாட்டில் பொதுவாகச் சொல்வார்கள். இதெல்லாம் விவரம் தெரியாதவர்கள் பேச்சு. மதிப்பெண்ணைப் பிள்ளை வாங்கிவிடும். இடத்தை ஏதாவது ஒரு கல்லூரி கொடுத்துவிடும். பணத்தைக்கூட, தகப்பனின் சம்பளச் சீட்டைப் பார்த்து மனமிரங்கி, கடன் கொடுக்கும் வாரியம் ஒன்று கொடுத்துவிடும். உண்மையில் கிடைக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான்: ஜாமீன். பிள்ளை கடனைக் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட, நிரந்தர வேலையில் இருக்கும் இரண்டு பேர். பெற்றோர் ஜாமீனாக இருக்க முடியாது. சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் சொல்வதை எந்த வாரியம் நம்பும்?

நான் பினாங்குத் தீவின் ஜோர்ஜ் டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்து, பெரிய கிராணியாக ஓய்வு பெற்றவன். அரசாங்கத்தில் எந்த வேலையும் நடப்பதில்லை என்று புலம்புகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் எல்லாரும் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதவர்கள். புகைப்படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும் என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும். நகலில் யார் முத்திரை குத்த வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கும். அதனால் எழுபதுகளிலிருந்தே, ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். பிள்ளைக்குக் கடன், பிள்ளைக்கு உபகாரச் சம்பளம், பிள்ளைக்குப் பாஸ்போர்ட். "அங்கிள், இந்தக் கட்டத்துல என்ன எழுதறது?" என்று கேட்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான், "ஒண்ணும் எழுதாத, அது ஆபீஸ் யூசுக்கு" என்று சொல்லியிருக்கிறேன். இதுவே ஒரு சமூக சேவை.

காப்பி போட்டு அலுத்துப்போன என் மனைவி ஒருநாள் சொன்னாள், "இஞ்சாருங்கோ, வாசல்ல ஒரு கம்பி போட்டு, நம்பர் சீட்டு கொடுத்திடுங்க. நானும் ஒம்பது மணிக்கு மேல டீ பிரேக் எடுத்துக்கறேன்."

எங்கள் தாத்தாமார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். எங்களிடம் மிஞ்சியிருந்த யாழ்ப்பாணத் தமிழ், கணவனைக் கூப்பிடும் அந்த 'இஞ்சாருங்கோ' ஒன்றுதான். மற்றதெல்லாம் பினாங்குத் தமிழாகிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டிலேயே ஒரு படிவம் வந்து இறங்கியது. என் மகளுக்குத் தென்னிந்தியாவில் ஒரு கல்லூரியில் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. அவள் ஆசைப்பட்டுக் கேட்டது அதைத்தான். மனித மருத்துவம் கிடைக்காமல் மிருகத்துக்கு இறங்கி வந்தவள் அல்ல. இதை எங்கள் உறவினர் யாரும் நம்பவில்லை. எங்கள் ஆட்களுக்கு டாக்டர் என்றால் ஸ்டெதஸ்கோப்பை மனிதர் நெஞ்சில் வைப்பவர். மாட்டு வயிற்றில் வைப்பவருக்குப் பெயர் வேறு.

வாரியம் கடனுக்குச் சம்மதித்துவிட்டது. மாதக் கடைசிக்குள், இரண்டு ஜாமீன்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வாரியத்தின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்தக் கடன் காத்திருக்கும் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். கடன் இல்லை என்றால் கல்லூரிக்குக் கட்டணம் இல்லை, கட்டணம் இல்லை என்றால் இடம் இல்லை. அவள் ஏற்கெனவே பெட்டி வாங்கி, அதில் தன் பெயரையும் எழுதிவிட்டாள். அந்தப் பெட்டி கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே, எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டு நின்றது.

முதல் ஜாமீன் சுலபம். என்னோடு வேலை செய்த ஒரு தமிழ் முஸ்லிம் நண்பர். மத்தியான வேளையில் சூலியா தெருவில் அவருடைய மச்சான் கடையில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். மீன் தலையோடு போராடிக்கொண்டிருந்த அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க சைன் போடணும்?" என்றார். அவ்வளவுதான்.

"அண்ணே, படிச்சுப் பார்த்துட்டு..."

"நான் எதுக்குப் படிக்கணும்? படிக்கப் போறது உங்க மக. கொண்டாங்க."

"கறிக் கையோடயா?"

"கறி பட்டாலும் செல்லும் லா."

"செல்லாது அண்ணே. கமிஷனர் முன்னால போடணும். அவர் பார்த்து, சீல் குத்தணும்."

கை கழுவிவிட்டு, கோர்ட்டுக்குப் பக்கத்தில் மாடியறையில் உட்கார்ந்திருக்கும் கமிஷனரிடம் போனோம். சத்தியப் பிரமாணம் வாங்க அரசாங்கம் நியமித்த பெரியவர் அவர்; தூங்கிக்கொண்டே முத்திரை குத்தக் கூடியவர். வேலை முடிந்து இறங்கும்போது நண்பர் சொன்னார், "எங்க பெரிய அண்ணன் ஆஸ்பத்திரில ஸ்டோர் கீப்பர். நிரந்தர வேலை. நாளைக்கே கூட்டிட்டு வரேன். ரெண்டாவது சைனும் முடிஞ்சிடும். அப்புறம் நீங்க எனக்கு ஒரு வாரம் சோறு வாங்கிக் கொடுங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பறந்துகொண்டு வந்தேன். என் மனைவி தரையில் இறக்கினாள்.

"ஒருத்தர் வெளியாள், சரி. ரெண்டு பேருமே வெளியாளா? நாளைக்குக் கோயில்ல என்ன பேசுவாங்க? சொந்தத்துல ஒருத்தர்கூட இவங்கள நம்பலன்னு பேசுவாங்க."

"கோயில்ல யாரு ஒப்பந்தத்த எடுத்துப் படிக்கப் போறா?"

"படிக்கத் தேவையில்ல. தெரிஞ்சிடும்."

தெரிந்துவிடும்தான். எங்கள் சமூகத்தில் செய்தி போகிற வேகத்துக்கு எந்தச் சுற்றறிக்கையும் ஈடில்லை. என் காலத்தில் பல இயக்குநர்களை விதி எண் சொல்லியே மடக்கியிருக்கிறேன். என் மனைவியிடம் விதி எதுவும் செல்லுபடியாகாது. ஆகவே சொந்தத்தில் ஒரு ஜாமீன் தேடும் படலம் ஆரம்பமானது.

சொந்தக்காரர்கள் யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அது எங்களிடம் வழக்கம் இல்லை. ஒருவர் பேனாவைத் தேடிக்கொண்டு உள்ளே போனவர், நாங்கள் காப்பி குடித்து முடித்த பிறகும் வெளியே வரவில்லை. இன்னொருவர் போனில் விஷயத்தைக் கேட்டதும், அன்று சாயங்காலமே ஈப்போவுக்குப் போக வேண்டியிருப்பதை நினைவுபடுத்திக்கொண்டார். மூன்றாமவர் மனம் திறந்து பேசினார்: "மனுஷ டாக்டருக்குன்னா கண்ணை மூடிட்டு போட்டிருப்பேன். மாட்டு டாக்டர் எப்படி ஐயா சம்பாதிச்சுக் கட்டுவாங்க? மாடா பீஸ் கொடுக்கும்?" என் மகள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, அடுக்கியிருந்த துணிகளை எடுத்து, மறுபடி அடுக்கினாள்.

மிச்சம் ஒரே ஒரு வீடுதான். தீவுக்கு எதிரே அக்கரையில், பிறை என்ற ஊரின் மின்நிலையத்தில் நல்ல பதவியில் இருந்த ஒருவர். என் மனைவிக்குத் தூரத்து அண்ணன் முறை, எனக்கு மச்சான். அவருடைய மனைவி பட்டர்வொர்த்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. என் மகளுக்கு மாமி. ஒரே பையன், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வருடத்துக்கு ஒரு முறை, யாராவது வீட்டுக் கல்யாணத்தில் பார்த்துச் சிரித்துக்கொள்கிற உறவு.

இந்த முறை நான் எச்சரிக்கையாக இருந்தேன். விஷயத்தைப் போனில் சொன்னால் மனிதர் ஈப்போவுக்குப் போய்விடுகிறார் என்பது அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டது. ஆகவே அலுவலகத்திலிருந்து மச்சானுக்குப் போன் போட்டு, அளந்து பேசினேன். "மச்சான், ஒரு முக்கியமான விஷயம். போன்ல வேணாம். ஞாயித்துக்கிழம காலையில வீட்டுக்கு வரோம். நானும் உங்க தங்கச்சியும். மகளையும் கூட்டிட்டு வரோம், நீங்க ஒரு தடவ பார்த்தா நல்லது." மறுமுனையில் மச்சான் யாரையோ அவசரமாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பிறகு, "வாங்க, வாங்க, சந்தோஷம்" என்று மச்சான் சொன்ன குரலில் உண்மையிலேயே சந்தோஷம் இருந்தது. கேட்பவர் ஈப்போவுக்குப் போகாதபடி விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு காலை என் மனைவி காலண்டரில் நல்ல நேரம் பார்த்தாள். உதவி கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று பித்தளைத் தாம்பாளத்தில் ஆரஞ்சு, ஆப்பிள், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் அடுக்கினாள். பட்டுச் சேலை கட்டினாள். மகளுக்கும் பட்டுச் சேலை.

"அம்மா, கேரண்டி கேக்க எதுக்கு சாரி?"

"ஒருத்தர் உன்ன நம்பி கையெழுத்துப் போடப் போறாரு. ஜீன்ஸ் போட்டுட்டு போனா எப்படி நம்புவாரு?"

அப்போது பாலம் கிடையாது. பெரி என்ற பயணப் படகில்தான் அக்கரைக்குப் போக வேண்டும். மேல்தட்டில் நான் கோப்புப் பையோடும், மனைவி தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டும், மகள் சேலையோடு மல்லுக்கட்டிக்கொண்டும் உட்கார்ந்திருந்தோம். எதிர் பெஞ்சில் ஒரு சீனக் கிழவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். தாம்பாளத்தைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார். "காவின் கா?" என்று மலாயில் அன்பாகக் கேட்டார். கல்யாணமா என்று. நான் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினேன். முன்பின் தெரியாத அவருக்குப் பட்டது எனக்குப் படவில்லை.

மச்சான் வீட்டு கேட் அகலமாகத் திறந்திருந்தது. வாசலில் பெரிய கோலம். உள்ளே கூடத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒரு பக்கம் முழுக்க, நான் கல்யாணங்களில் மட்டுமே பார்த்த மூன்று பெண்மணிகள் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் வடை, கேசரி, முறுக்கு. மச்சான் வேட்டி கட்டியிருந்தார். பையன் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான்வரை பூட்டி, தலையைப் படிய வாரி, தீர்ப்புக்குக் காத்திருக்கும் கைதி மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்கட்டில் எங்கேயோ ஒரு நாயைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அது விடாமல் ஊளையிட்டது.

ஒரு ஜாமீனுக்கு எதற்கு இவ்வளவு பேர் என்று யோசித்தேன். சாட்சிக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முறை தெரிந்த குடும்பம் என்று மனதுக்குள் பாராட்டவும் செய்தேன்.

மாமி தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கி சாமி அறையில் கொண்டுபோய் வைத்தார். மூன்று பெண்மணிகளில் ஒருவர் இன்னொருவரிடம், "பொண்ணையே நேர்ல கூட்டிட்டு வந்துட்டாங்க பாத்தியா. காலம் மாறிடுச்சு லா" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. பெண் பிள்ளைகள் கடனுக்கு நேரில் வருவது புதுமைதான் என்று எடுத்துக்கொண்டேன்.

வடை நன்றாக இருந்தது. இரண்டாவதை முடித்துவிட்டு, பையைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்தேன். அதே நேரம் மாமி சாமி அறையிலிருந்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஓர் உறையோடு வந்தார். அவர் உறையை மேசையில் வைத்தார். நானும் ஒப்பந்தத்தை வைத்தேன்.

"பையனோட ஜாதகம்," என்றார் மாமி. "உங்களதும் கொண்டு வந்திருப்பீங்க."

நான் காகிதங்களைச் சரிபார்ப்பதில் இருந்தேன். "கொண்டு வந்திருக்கேன் அக்கா. நாலு காப்பி."

"நாலா?"

"வாரியத்துக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, ஜாமீன் ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு."

ஒரு பெண்மணிக்கு வடை தொண்டையில் அடைத்தது. யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். நான் நிமிர்ந்து மஞ்சள் உறையைப் பார்த்தேன், முழுக்கைச் சட்டையைப் பார்த்தேன், கோலம் ஞாபகம் வந்தது, சீனக் கிழவர் ஞாபகம் வந்தார். என் மனைவிக்கு எனக்கு ஒரு வினாடி முன்பே புரிந்துவிட்டது. அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். என் மகள், "நாய் ரொம்ப கத்துது, நான் போய்ப் பார்க்கறேன்" என்று எழுந்து, யாரும் பதில் சொல்வதற்குள் பின்கட்டுக்கு ஓடிவிட்டாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். கல்லூரி, கடன், வாரியம், மாதக் கடைசி. என் வாழ்க்கையில் ஒரு விண்ணப்பத்தை அவ்வளவு மோசமாக நான் சமர்ப்பித்ததில்லை.

முதலில் சிரித்தது பையன்தான். தண்டனை ரத்தான ஆளின் சிரிப்பு. கழுத்துப் பொத்தானைக் கழற்றி, ஒரு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மச்சான் அவனை முறைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, உண்மையான வருத்தத்தோடு சொன்னார், "முன்னாலயே சொல்லியிருக்கலாமே மச்சான். என் தம்பி மகளுக்குப் போன வருஷமே நான் சைன் போட்டாச்சு. ரூல் ஒருத்தருக்கு ஒண்ணுதானே லா?"

ஒருவர் ஒரு கடனுக்குத்தான் ஜாமீனாக நிற்கலாம். பின்பக்கத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் எத்தனையோ பேருக்கு நான் சொன்னதுதான். விஷயத்தைச் சொல்லாமல் மறைத்ததால், கேட்க வேண்டியதைக் கேட்க முடியாமல் போயிற்று. என் மனைவி கூடத்துச் சுவரில் இருந்த ஏதோ ஒரு காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வியாழன் மாதக் கடைசி. நான் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைக்கப் போனேன்.

"அதை இங்க கொடுங்க," என்றார் மாமி.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். முதல் வரியிலிருந்து. எங்கள் ஊரில் அதை முழுக்கப் படித்த ஒரே ஜாமீன் அவராகத்தான் இருப்பார். ஆசிரியை அல்லவா, பேனாவைக் கையில் பிடித்தபடிதான் படித்தார். ஒரு வாக்கியத்துக்குக் கீழே கோடு போடப் போனவரைத் தடுக்க வேண்டியிருந்தது. மூன்று பெண்மணிகளும் பரீட்சை அறையில் இருப்பது போல நேராக உட்கார்ந்திருந்தார்கள்.

பின்பக்கத்தையும் முடித்துவிட்டு அவர் தலை நிமிர்ந்தார். "நிரந்தர வேலையில இருக்கிற பிரஜைன்னு போட்டிருக்கு. ஆம்பளன்னு எங்க போட்டிருக்கு?"

"எங்கயும் போடலக்கா."

"நான் வேலைக்குச் சேர்ந்து எத்தன வருஷமாச்சுன்னு தெரியுமா? அப்புறம் ஏன் இவர கேக்க வந்தீங்க?"

அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த விதியை மனப்பாடமாக ஒப்பிக்கக் கூடியவன் நான். அப்படியும், ஜாமீன் தேடி நாங்கள் ஏறி இறங்கிய எந்த வீட்டிலும், காப்பி கொண்டு வந்து வைத்த பெண் என்ன வேலை செய்கிறாள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மாமி என் மகளைக் கூப்பிட்டார். அவள் வந்து நின்றாள். பட்டுச் சேலையின் முன்பக்கம் முழுக்க நாயின் பாத முத்திரைகள். எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாய் ஏன் கத்துச்சு?" என்றார் மாமி.

"ஒண்ணுமில்ல மாமி. வடை வாசம் வருது, அத யாரும் கூப்பிடல. அதான்."

"ஏன் மிருக டாக்டர்?"

"மனுஷங்க எங்க வலிக்குதுன்னு கேட்டா மாத்திச் சொல்வாங்க மாமி. மாடு சொல்லாது."

"நான் ஸ்டாண்டர்ட் ஒன் பிள்ளைங்களுக்குப் படிச்சிக் கொடுக்கிறவ. வயித்து வலின்னு தினமும் நாலு பேரு வருவானுங்க. எனக்குத் தெரியும்." பிறகு குரலை மாற்றினார். "நீ கட்டலன்னா என் சம்பளத்துலதான் வெட்டுவாங்க. தெரியுமா?"

"தெரியும் மாமி."

"அங்கயே இருந்துட்டா?"

"அங்க மாடும் நிறைய, டாக்டரும் நிறைய. இங்கதான் ரெண்டு பக்கமும் பண்ணை இருக்கு, பாக்க ஆள் இல்ல. வந்திடுவேன்."

மாமி தன் கணவரையும் பையனையும் மூன்று பெண்மணிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "வடை சுட்டாச்சு. கேசரி கிண்டியாச்சு. ஊரக் கூட்டியாச்சு. ஒண்ணுமே நடக்காம எல்லாரும் வீட்டுக்குப் போனா நாளைக்கு என்ன பேசுவாங்க? இன்னைக்கு இந்த வீட்டுல ஏதாவது ஒரு கையெழுத்து ஆகணும்." பேனாவின் மூடியைத் திறந்து, ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

அப்போது நான் சொன்னேன், "அக்கா, இங்க போடக் கூடாது."

என் மனைவி என் காலை மிதித்தாள். நானும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கமிஷனர் பார்க்காமல் போட்ட கையெழுத்தை வாரியம் திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பினால் மாதக் கடைசி தாண்டிவிடும். எனக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியாதது போல விட என்னால் முடியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் விளக்கினேன்: நாளை அவர் தீவுக்கு வர வேண்டும், ஐசி என்ற அடையாள அட்டை வேண்டும், சம்பளச் சீட்டு வேண்டும்.

மாமி பேனாவை மூடினார். "நாளைக்கு ஸ்கூல் முடிஞ்சு வரேன்" என்றார்.

திரும்பும்போது பெரி கிளம்பியதுமே என் மனைவி ஆரம்பித்தாள். "பேனாவத் திறந்த மனுஷிய நிறுத்தி வச்ச ஆள் இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். ராத்திரி பூரா அந்த மூணு பேரும் அவங்க காதுல ஓதுவாங்க. மகனையும் வேணான்னுட்டு சம்பளத்தையும் கேக்கறாங்களேன்னு ஓதுவாங்க. வருவாங்கன்னு நினைக்கிறீங்களா?"

நினைக்கவில்லை. பையைத் திறந்து நான்கு நகல்களையும் மறுபடி எண்ணினேன்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பெரி வந்து நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். சூலியா தெரு நண்பரும் துணைக்கு வந்தார்; அவருக்கு இதெல்லாம் சினிமா மாதிரி. பள்ளி விடும் நேரத்துக்கு வர வேண்டிய பெரி வந்தது. மோட்டார்சைக்கிள்கள் இறங்கின, கூடைக்காரப் பெண்கள் இறங்கினார்கள், மாமி இறங்கவில்லை. அடுத்த பெரியிலும் இல்லை.

"எங்க அண்ணன் இன்னும் ஆஸ்பத்திரிலதான் இருக்காரு," என்றார் நண்பர். "கூப்பிடவா?"

"கொஞ்சம் இருங்க அண்ணே."

"வீட்டுல திட்டுவாங்கன்னு பயமா?"

"அதுவும்தான்."

கமிஷனர் அறையைப் பூட்டும் நேரம் நெருங்கியது. மகள் வீட்டில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள் என்று தெரியும். அடுத்த பெரியில் எல்லாரும் இறங்கி முடிந்த பிறகு, குடையை ஊன்றிக்கொண்டு, வகுப்பறைக்குள் நுழையும் நடையில் மாமி வந்தார்.

"லேட்டாயிடுச்சு. சம்பளச் சீட்டு நகல்ல யாரு சீல் குத்தறதுன்னு நீங்க சொல்லவே இல்ல."

"நானே குத்திடலாம்னு இருந்தேன் அக்கா."

"நீங்க எப்படிக் குத்தலாம்? பிள்ளையோட அப்பா நீங்க. சம்பந்தப்பட்டவங்க குத்தக் கூடாதுன்னு பின்பக்கத்துல இருக்கே. ஹெட்மாஸ்டர் மீட்டிங்ல இருந்தாரு, முடியறவரைக்கும் நின்னு வாங்கிட்டு வரேன்."

நண்பர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. இந்தக் கதையை அவர் நான் ஓய்வு பெறும்வரை அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாடியறையில் கமிஷனர் தூக்கம் கலைந்து, மாமியைப் பார்த்து, "மாணவி உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டார்.

"ஆகப் பார்த்துச்சு," என்றார் மாமி, நான்கு நகலிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

ஒப்பந்தம் வியாழனுக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. பெட்டி கூடத்தை விட்டுக் கப்பலேறியது. மகள் படித்த காலம் முழுக்க, வாரியம் அவளைப் பற்றி வருடத்துக்கு ஒரு முறைதான் விசாரித்தது. மாமி மாதாமாதம் விசாரித்தார். மதிப்பெண் குறைந்தால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். "கேரண்டர் நான். எனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லுவா?" என்பார். ஒரு பரீட்சையில் அவள் உடற்கூற்றியலில் தடுமாறியபோது, மாமி எழுதிய கடிதத்தைப் படித்து விடுதியே பயந்துவிட்டதாம்.

பையன் இரண்டு வருடம் கழித்து, தன்னோடு வேலை பார்த்த ஒரு சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அன்றைய சிரிப்புக்கு அப்போது அர்த்தம் தெரிந்தது. மாமி ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு மருமகளுக்கு வடை சுடச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் அதே பித்தளைத் தாம்பாளத்தோடுதான் போனோம். பெரியில் யாராவது கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

மகள் சொன்னபடியே திரும்பி வந்தாள். அரசாங்கத்தில் கால்நடை மருத்துவராகச் சேர்ந்தாள். பன்றிப் பண்ணை, கோழிப் பண்ணை, மாட்டுக் கொட்டகை என்று அலைந்து, மாதாமாதம் கடனைக் கட்டினாள். தொண்ணூறுகளில் ஒருநாள் வாரியத்திடமிருந்து, கடன் முழுதும் தீர்ந்தது, ஜாமீன்கள் விடுவிக்கப்பட்டார்கள் என்று கடிதம் வந்தது. சூலியா தெரு நண்பருக்கு அவருடைய நகலை அன்றே சோற்றுக் கடையில் கொடுத்தேன். மாமிக்கு நேரில் போய்த்தான் கொடுக்க வேண்டும்.

இந்த முறை போனில் தெளிவாகச் சொன்னேன். "அக்கா, கடன் தீர்ந்த விஷயம். ஜாமீன் கடிதம் கொண்டு வரோம். வேற ஒண்ணும் இல்ல."

"சரி சரி, புரியுது," என்றார்.

மகளின் காரில் பாலத்தைக் கடந்து போனோம். என் மனைவி இந்த முறையும் பழம் கொண்டு வந்தாள், ஆனால் பிளாஸ்டிக் பையில். கோலம் இல்லை, பெண்மணிகள் இல்லை. வடை இருந்தது. கட்டிப் போடாத புது நாய் ஒன்று என் மகளின் காலடியில் வந்து படுத்துக்கொண்டது.

மாமி கடிதத்தைக் கடைசிவரை படித்தார். திருப்பி, பின்பக்கம் காலியாக இருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, அதே இழுப்பறையிலிருந்து வேறு சில காகிதங்களை எடுத்தார். எனக்கு அந்த எழுத்துருவும் தாளின் அளவும் தூரத்திலேயே தெரிந்தன.

"எங்க ஸ்கூல்ல தோட்ட வேலை பார்க்கிறவரோட மக. யுனிவர்சிட்டில கிடைச்சிருக்கு. ஒரு ஜாமீன் ஹெட்மாஸ்டர் போட்டுட்டாரு. நான் போடலாம்னா, எனக்கு ரிட்டையர் ஆகற வயசு, எடுத்துக்க மாட்டாங்க. அவங்க அப்பா வீடு வீடா ஏறி இறங்கிட்டு இருக்காரு." மாமி என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியையும் பார்க்கவில்லை. நேராக என் மகளைப் பார்த்தார். "நீ நிரந்தரம் ஆயிட்டியா?"

"ஆயிட்டேன் மாமி." அவள் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "எங்க சைன் போடணும்?"

நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க," என்றார் மாமி. "கமிஷனர் முன்னாலதான். தெரியும்." பிறகு காகிதத்தை என் மகளின் கைக்கு எட்டாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். "முதல்ல உக்காந்து படி. பின்பக்கமும்."

அவள் உட்கார்ந்து படித்தாள். நாங்கள் வடை சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தோம்.